கோட்டுப் படத்துக்குக் கணினியில் கலர் அடிப்பது: குளச்சல் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

குளச்சலிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார். கரையில் வள்ளம் ஏற்றும் காட்சியை ஏ4 தாளில் கறுப்பு ஜெல் பேனாவால் வரைந்திருக்கிறார்; கல்லூரி ஆண்டு மலரின் அட்டைக்கு. அதைப் போனில் போட்டோ எடுத்து, 4 ஜி.பி. ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் ஜிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளை நிறுவிக் கலர் அடிக்கப் பார்த்திருக்கிறார். ஓர் இடத்தில் கோட்டோரம் முழுக்க வெள்ளைப் பொட்டுகள் நிற்கின்றன. இன்னோர் இடத்தில் வள்ளத்துக்கு ஊற்றிய நீலம் வானம் வரைக்கும் பரவிவிடுகிறது. பேனா டேப்லட் இல்லை, மவுஸ்தான். "அக்கா, எங்கே தப்பு, எங்கிருந்து தொடங்கணும்?" என்பது கேள்வி.

தம்பி, படத்தைப் பார்த்தேன். வள்ளத்தின் முன்முனையான அணியம் மணலில் அழுந்தி நிற்பதும், கயிறு இழுப்பவர்களின் கால் பெருவிரல் மணலுக்குள் புதைந்திருப்பதும் நேரில் பார்த்தவர் கைக்குத்தான் வரும். இந்தக் கோட்டைக் கலர் கெடுத்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் தக்கலைப் பக்கம். பல வருடமாகக் குழந்தைகள் புத்தகங்களுக்கு வீட்டிலிருந்தே வண்ணம் போட்டுக் கொடுக்கிறேன்.

உங்கள் இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். கோடும் கலரும் ஒரே தாளில் கிடக்கின்றன. கணினியில் கோடு ஒரு தாள், கலர் அதற்கு அடியில் வேறொரு தாள். இந்தத் தாளைத்தான் மென்பொருளில் "லேயர்" என்பார்கள். இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டவே விடக்கூடாது. பாதிப் பிரச்சினை இதிலேயே போய்விடும். மீதி, கலரைத் தொடுவதற்கு முன்பு செய்யவேண்டிய சுத்தப்படுத்தும் வேலை. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் நிழல் போடுவதற்குத்தான் அவசரப்படுகிறார்கள். என் நேரத்தில் பாதிக்கு மேல் நிழலுக்கு முந்தைய வேலைக்கே போகிறது.

முதலில் படத்தை ஒழுங்காக உள்ளே கொண்டுவாருங்கள். அட்டைக்குப் போகிற படம், ஸ்கேன்தான் எடுக்க வேண்டும். ஏ4 தாளை 300 டி.பி.ஐ.யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்தால் 2480 × 3508 புள்ளிகள் வரும். 600-இல் 4960 × 7016. அதே அளவில் அச்சுக்குப் போக 300 போதும். நான் 600-இல் எடுத்து, கோட்டைச் சுத்தம் செய்துவிட்டு, பிறகு 300-க்குக் குறைப்பேன். பெரிதாக எடுத்துச் சிறிதாக்கும்போது சின்னச் சின்னக் கை நடுக்கம் அமுங்கிப்போகும். குறைக்காமல் அப்படியே வேலை செய்தால் உங்கள் லேப்டாப் திணறும்: 300-இல் முழுத்தாள் லேயர் ஒன்றுக்கு ஏறத்தாழ 35 எம்.பி. நினைவகம் வேண்டும், 600-இல் அதன் நான்கு மடங்கு.

ஜெராக்ஸ் கடையில் "ஸ்கேன்" என்று மட்டும் சொன்னால், சான்றிதழுக்குச் செய்வதுபோல் பி.டி.எஃப். ஆக்கித் தந்துவிடுவார்கள். "600 டி.பி.ஐ., கிரே, பி.என்.ஜி. அல்லது டிஃப்" என்று ஒரு துண்டுத்தாளில் எழுதியே கொடுங்கள். அங்கே "பிளாக் அண்ட் ஒயிட்" என்று இன்னொரு தேர்வும் இருக்கும், அது வேண்டாம். அதில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று முழுக் கறுப்பு, இல்லையென்றால் முழு வெள்ளை. கோடு படிக்கட்டாகிவிடும். போனில் இருக்கிற ஆவண ஸ்கேன் செயலிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. பேனாவின் மெல்லிய முனைகளைத் தின்றுவிடும்.

நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. தாளை வெளியே கொண்டுபோக முடியாத நாளில் போன்தான் கதி என்றால், ஜன்னலோரம் தரையில் தாளை வைத்து, ஃப்ளாஷை அணைத்து, நின்ற உயரத்திலிருந்து கொஞ்சம் ஜூம் செய்து எடுங்கள். மிகக் கிட்டத்தில் போய் எடுத்தால் தாளின் ஓரங்கள் வளைந்து வரும். உங்கள் போட்டோவில் வள்ளத்தின் பின்பக்கம் கொஞ்சம் உப்பித் தெரிவது அதனால்தான். வரைந்தபோது அப்படி வந்திருக்காது.

ஸ்கேன் வந்ததும் ஜிம்பில் திறந்து, முதல் வேலையாக "இமேஜ்" மெனுவில் "மோட்" போய் ஆர்.ஜி.பி. (கலர் முறை) என்று மாற்றுங்கள். கிரேயில் எடுத்த படம் கிரேயாகவே இருந்தால், நீங்கள் சிவப்பை எடுத்து ஊற்றினாலும் சாம்பல்தான் விழும். இது தெரியாமல் "ஜிம்பில் கலரே வரவில்லை" என்று புலம்பியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அடுத்து "கலர்ஸ்" மெனுவில் "லெவல்ஸ்". அங்கே மலைபோல ஒரு வரைபடம் தெரியும், அதன் கீழே மூன்று முக்கோணங்கள். வலது முக்கோணத்தை இடப்பக்கம் நகர்த்தினால் தாளின் சாம்பல் மங்கல் வெள்ளையாகும். இடது முக்கோணத்தை வலப்பக்கம் நகர்த்தினால் வெளுத்த மை கறுப்பாகும். கோட்டின் ஓரம் கொஞ்சம் மிருதுவாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். ஓரம் நறுக்கென்று வெட்டியதுபோல் ஆனால் அளவு கடந்துவிட்டது என்று பொருள். அதன்பின் 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, தூசிப் பொட்டுகளை வெள்ளைத் தூரிகையால் அழியுங்கள். சலிப்பான அரை மணி நேரம்தான், ஆனால் இந்தப் பொட்டு ஒவ்வொன்றும் பிறகு கலர் அடிக்கும்போது ஒரு ஓட்டையாக வந்து நிற்கும்.

அடுத்த படத்துக்கு ஒரு யோசனை. பென்சில் கோட்டை ரப்பரால் அழிக்கும்போது உங்கள் ஜெல் மை சில இடங்களில் இழுபட்டிருக்கிறது. இளநீலக் கலர் பென்சிலால் மாதிரி வரையுங்கள், அதன்மேல் கறுப்பால் கோடு போடுங்கள், அழிக்கவே வேண்டாம். அப்போது மட்டும் ஸ்கேனைக் கலரில் எடுக்க வேண்டும். ஜிம்பில் "மோனோ மிக்ஸர்" திறந்து சிவப்பையும் பச்சையையும் 0 ஆக்கி, நீலத்தை மட்டும் 1 வைத்தால், இளநீலம் ஏறக்குறைய வெள்ளையாகிக் காணாமல் போகும். கறுப்பு அப்படியே நிற்கும். தாளுக்கும் சேதமில்லை.

இப்போது தாள்களை அடுக்குவோம். அடியில் வெறும் வெள்ளை லேயர் ஒன்று. அதற்கு மேல் "கலர்" என்று பெயர் வைத்த காலி லேயர். அதற்கு மேல் "நிழல்" என்று இன்னொரு காலி லேயர். எல்லாவற்றுக்கும் மேலே உங்கள் ஸ்கேன்; அதற்குக் "கோடு" என்று பெயர் வைத்து, லேயர் பலகையின் மேலே இருக்கிற "மோட்" பட்டியலில் "மல்டிப்ளை" தேர்ந்தெடுங்கள். உடனே அந்த லேயரின் வெள்ளை மறைந்து, கோடு மட்டும் கண்ணாடித் தாளில் அச்சடித்ததுபோல் நிற்கும்.

இது மந்திரமல்ல, வெறும் பெருக்கல். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. மேல் லேயர் எண்ணைக் கீழ் லேயர் எண்ணால் பெருக்கி 255-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். மேலே வெள்ளை என்றால் 255. பெருக்கி வகுத்தால் கீழே உள்ள கலர் அப்படியே வரும். மேலே கறுப்பு என்றால் 0. எதைப் பெருக்கினாலும் கறுப்பே. கோட்டின் ஓரத்தில் இருக்கிற நடுச்சாம்பலுக்கு எண் 128 என்று வையுங்கள். அடியில் மட்டி வாழைப்பழத்தின் மஞ்சள், சிவப்பு 255, பச்சை 210, நீலம் 0. இரண்டும் சேர்ந்தால் 128, 105, 0 வரும். அதாவது இருண்ட மஞ்சள். வெள்ளைப் பொட்டுக்கு அங்கே இடமே இல்லை, பார்த்தீர்களா?

உங்கள் வெள்ளைப் பொட்டின் கதை இதுதான். கோட்டின் ஓரம் நேரடியாகக் கறுப்பிலிருந்து வெள்ளைக்குத் தாவுவதில்லை. நடுவில் இரண்டு மூன்று சாம்பல் புள்ளிகள் இருக்கும். கலர் ஊற்றும் பக்கெட் கருவி வெள்ளையை நிரப்பிக்கொண்டே வந்து, சாம்பலைப் பார்த்ததும் "இது வேறு நிறம்" என்று நின்றுவிடுகிறது. நிற்கிற இடத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் அந்தச் சாம்பல் விளிம்பு வெளிறிக் கிடக்கிறது. கலர் அடியில் வேறு தாளில் இருந்து, கோட்டுக்கு அடியிலேயே சற்று நுழைந்து போயிருந்தால், அந்த விளிம்பு கலரோடு பெருகி மறைந்துவிடும்.

எவ்வளவு நுழைய வேண்டும்? 0.5 மி.மீ. கோடு 300 டி.பி.ஐ.யில் ஏறக்குறைய 6 புள்ளி அகலம். பாதி தூரம், அதாவது 2 அல்லது 3 புள்ளி, உள்ளே போனால் போதும். அடுத்த கட்டத்தின் கலர் எதிர்ப்பக்கத்திலிருந்து 2 புள்ளி வரும். இரண்டும் கோட்டின் அடியில், யார் கண்ணுக்கும் தெரியாமல் சந்தித்துக்கொள்ளும்.

செய்முறை சொல்கிறேன். ஒரே நிறமுள்ள இடத்தைச் சேர்த்துப் பிடிக்கிற "ஃபஸ்ஸி செலக்ட்" கருவியை எடுங்கள். அதன் தேர்வுகளில் ஓரத்தை மிருதுவாக்குகிற "ஆன்டிஅலையாசிங்", "ஃபெதர்" இரண்டையும் அணையுங்கள், எல்லா லேயரையும் சேர்த்துப் பார்க்கிற "சாம்பிள் மெர்ஜ்ட்" மட்டும் போடுங்கள். வள்ளத்தின் உடலுக்குள் சொடுக்குங்கள். எறும்பு ஊர்வதுபோல் ஒரு விளிம்பு ஓடும். "செலக்ட்" மெனுவில், பிடித்த பகுதியை விரிக்கிற "குரோ" போய் 2 என்று கொடுங்கள். பிறகு லேயர் பலகையில் "கலர்" லேயரைத் தொட்டு, கன்ட்ரோலும் கமாவும் சேர்த்து அழுத்தினால் முன்னணிக் கலர் நிரம்பும். இனி வள்ளத்தின் விளிம்பில் போய்ப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு வெள்ளைப் பொட்டு இருக்காது.

இனி கலர் வழிகிற கதை. நாஞ்சில் நாட்டு வயலில் வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால் போதும், பாய்ச்சிய தண்ணீர் அடுத்த வயலில் நிற்கும். உங்கள் படத்தில் கயிறு அணியத்தில் வந்து சேருகிற இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கயிற்றின் கீழ்க்கோடு வள்ளத்தைத் தொடவில்லை. நாலைந்து புள்ளி இடைவெளி. கண்ணுக்கு அது தெரியாது, பக்கெட்டுக்குத் தெரியும். நீலம் அந்த வளை வழியாகத்தான் வானத்துக்குப் போயிருக்கிறது.

இதை அடைக்க மூன்று வழி. கோட்டு லேயரிலேயே பென்சில் கருவியால் ஒரு பொட்டு வைத்து மூடலாம். ஆனால் கோட்டின் மூச்சு போன்ற சில இடைவெளிகளை நீங்கள் வேண்டுமென்றே விட்டிருப்பீர்கள், அவற்றை மூடினால் படம் இறுகிப்போகும். அதனால் எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி: "வரப்பு" என்று ஒரு தனி லேயர் போட்டு, இடைவெளிகளை எல்லாம் அதில் அடைப்பேன். கலர் நிரப்பி முடித்ததும் லேயர் பலகையில் அந்த லேயரின் கண் படத்தைச் சொடுக்கி மூடிவிட்டால் கோடு பழையபடி மூச்சு விடும். மூன்றாவது, ஜிம்ப் தானே செய்வது. 2019-இல் வந்த 2.10.10 பதிப்பிலிருந்து பக்கெட் கருவியில் "லைன் ஆர்ட் டிடெக்ஷன்" என்று ஒரு தேர்வு இருக்கிறது. அது சின்ன இடைவெளிகளைத் தானே ஊகித்து மூடிக்கொள்ளும், கோட்டின் அடியிலும் கலரை நுழைக்கும். பெரிய கட்டங்களுக்கு நல்ல கருவி. விரல்கள், முகம், கயிற்றுச் சுருள் மாதிரி நெருக்கமான இடங்களில் அது தவறாக ஊகிக்கும். பழைய லேப்டாப்பில் கொஞ்சம் யோசிக்கவும் செய்யும். கையாலேயே செய்யப் பழகிவிட்டு அதற்குப் போங்கள்.

வலையை மட்டும் தயவுசெய்து கண்ணி கண்ணியாக நிரப்பப் போகாதீர்கள். வலைக் குவியலின் வெளிவட்டத்தை லாஸோவால் (ஜிம்பில் அதன் பெயர் "ஃப்ரீ செலக்ட்") சுற்றி ஒரே பச்சையோ பழுப்போ போடுங்கள். கண்ணிகளைக் கோடு பார்த்துக்கொள்ளும்.

இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் நிழலும் வெளிச்சமும் இல்லாத ஒரே கலர் போட்டு முடிப்பதைத் தொழிலில் "ஃப்ளாட்" என்போம். ஃப்ளாட் முடிந்த நிலையிலேயே படம் நன்றாக இருக்க வேண்டும். அங்கே நன்றாக இல்லாத படத்தை எந்த நிழலும் காப்பாற்றாது. அதனால் கலர் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எனக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. அதன் உப்பரிகை மாளிகையின் மேல்மாடிச் சுவரோவியங்கள் கேரள மரபைச் சேர்ந்தவை. அந்த மரபுக்கு அடிப்படை நிறம் ஐந்தே ஐந்து: மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை. வெள்ளை என்பது பெரும்பாலும் தொடாமல் விட்ட சுண்ணாம்புப் பூச்சுதான். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்ந்த நிறத்துக்குப் போவார்கள். கறுப்புக் கோடு கடைசியில் ஏறும். நம் கணினியில் கோடு எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதும் அதே ஒழுங்குதான். கணினி உங்கள் முன் ஒன்றரைக் கோடி நிறத்துக்கு மேல் கொட்டி வைக்கும். துல்லியமாகச் சொன்னால் 1,67,77,216. நீங்கள் ஐந்தாறை மட்டும் எடுத்து, ஒரு மூலையில் சதுரம் சதுரமாக வைத்துக்கொண்டு, வேறெதையும் தொடமாட்டேன் என்று முடிவு செய்யுங்கள். முதல் படத்துக்கு இதைவிட நல்ல கட்டுப்பாடு எனக்குத் தெரியாது.

உங்கள் படத்துக்கு நான் என்ன எடுப்பேன்? வள்ளத்துக்கு நீங்கள் எடுத்த நீலமே இருக்கட்டும். விளிம்புப் பட்டைக்கு மஞ்சள். கடலுக்கும் நீலம் போட்டால் வள்ளம் கடலுக்குள் கரைந்துவிடும். அதனால் கடலைப் பச்சைப் பக்கம் தள்ளுங்கள், கரையோரம் வர வர மணல் கலந்த வெளிர் பச்சை. தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் சேருகிற இடத்தை மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள், கடல் எத்தனை நிறமாக இருக்கும் என்று தெரியும். மணலை நீங்கள் பளிச்சென்ற மஞ்சளில் அடித்திருக்கிறீர்கள். அது சினிமாக் கடற்கரை. மணவாளக்குறிச்சிப் பக்கம் இல்மனைட் என்ற கறுப்புத் தாது கலந்த கரிமணல் கோடு கோடாகக் கிடக்கும், கார்னெட் என்ற சிவப்புத் தாது இருக்கிற இடத்தில் செம்மை ஓடும். கன்னியாகுமரியில் பொட்டலம் போட்டு விற்கிறார்களே வண்ண மணல், ஒரு பொட்டலம் வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் கலந்த பழுப்பு ஃப்ளாட், அதன்மேல் நாலைந்து கறுஞ்சிவப்புக் கீற்று. பார்க்கிறவருக்கு உடனே நம் கரை என்று தெரிந்துவிடும்.

ஆட்களின் தோல் நிறம். இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். இணையத்தில் "ஸ்கின் டோன்" என்று கிடைக்கிற கலர் அட்டைகளில் பெரும்பாலும் முதலில் நிற்பது ஒரு வெளிர் ரோஜா. நீங்களும் அதையே எடுத்திருக்கிறீர்கள். வெயிலில் வலை இழுக்கிற குளச்சல்காரருக்கு அந்த நிறம் எங்கிருந்து வரும்? வெளிச்சம் படுகிற இடத்துக்குச் சிவப்பு 150, பச்சை 95, நீலம் 60 வைத்துப் பாருங்கள். நிழலுக்கு 105, 55, 40. இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; ஒருவருக்குக் கொஞ்சம் கூட்டி, இன்னொருவருக்குக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். நிழல் நிறம் வெறும் இருட்டாக இல்லாமல் சிவப்புப் பக்கம் சாய்ந்திருப்பதைக் கவனியுங்கள். நம் தோலின் நிழலில் கறுப்பைக் கலந்தால் கரி பூசியதுபோல் ஆகிவிடும். எனக்கு அனுப்பப்படுகிற குழந்தைகள் புத்தகக் குறிப்புகளில் ஆட்களைக் "கலராக்கிவிடுங்கள்", அதாவது வெளுப்பாக்கிவிடுங்கள், என்று இன்றும் எழுதி வருகிறது. நான் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை.

ஃப்ளாட் முடிந்ததும் ஒரு சோதனை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் போட்டு, சாம்பலால் நிரப்பி, மோடை "எச்.எஸ்.எல். கலர்" என்று வையுங்கள். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். வள்ளமும் கடலும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நிறம் எவ்வளவு வேறாக இருந்தாலும் தூரத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒன்றை வெளிறவையுங்கள். பிறகு அந்தச் சாம்பல் லேயரின் கண்ணை மூடிவிடுங்கள்.

நிழலுக்கு வருவோம். மவுஸ் இருக்கிறது, டேப்லட் இல்லை என்று வருத்தப்பட்டீர்கள். மவுஸால் தூரிகை இழுத்தால் நடுங்கும், உண்மைதான். ஆனால் லாஸோவுக்கு மவுஸ் போதும். "ஃப்ரீ செலக்ட்" கருவியில் இழுக்காமல், புள்ளி புள்ளியாகச் சொடுக்கிக்கொண்டே போனால் நேர்க்கோடுகளால் சுற்றிவரும். நெருக்கமாகச் சொடுக்கினால் வளைவும் வரும். கத்தரிக்கோலால் வெட்டியதுபோன்ற கெட்டி ஓரமுள்ள நிழல் பேனாக் கோட்டுப் படத்துக்கு மிகவும் பொருந்தும். மெத்துமெத்தென்ற நிழலைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள். குளச்சல் கரை தென்மேற்கைப் பார்த்தது. நீங்கள் கடலைப் பார்த்து நின்று வரைந்திருக்கிறீர்கள். காலை என்றால் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து, இடப்பக்கமாக வரும். வள்ளத்தின் முன்பக்கம் பளிச்சென்றும், நிழல் வலப்பக்கம் கடலை நோக்கியும் விழும். மாலை என்றால் வெயில் கடலிலிருந்து உங்கள் முகத்துக்கு வரும். வள்ளமும் ஆட்களும் இருண்ட உருவமாவார்கள், நிழல் உங்கள் காலடிக்கு நீளும். மாலைக் காட்சி அழகுதான், ஆனால் ஆட்களின் முகத்தையும் வள்ளத்தின் நீலத்தையும் அது விழுங்கிவிடும். முதல் படத்துக்குக் காலையை எடுங்கள்.

இனி வள்ளத்துக்கு நிழல் போடுவோம். "கலர்" லேயரில் நின்று, "செலக்ட் பை கலர்" கருவியில் த்ரெஷோல்டை (எவ்வளவு நிற வேறுபாட்டை ஏற்கலாம் என்ற அளவை) 0 வைத்து வள்ளத்தின் நீலத்தைச் சொடுக்குங்கள். ஃப்ளாட்டில் ஆன்டிஅலையாசிங் வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். ஒரு புள்ளி மிச்சமில்லாமல் முழு வள்ளமும் பிடிபடும். அப்படியே "நிழல்" லேயருக்குப் போய், அதையும் மல்டிப்ளை ஆக்குங்கள். ஃப்ரீ செலக்ட் எடுத்து, ஷிஃப்டும் கன்ட்ரோலும் சேர்த்து அழுத்திக்கொண்டு சுற்றத் தொடங்கினால், ஏற்கெனவே பிடித்த வள்ளத்துக்குள் விழுகிற பகுதி மட்டும் மிஞ்சும். வெளியே எவ்வளவு தாராளமாகச் சுற்றினாலும் கவலையில்லை. வள்ளத்தின் வலப்பக்கமும் அடிவயிறும் சுற்றி, 170, 160, 200 என்ற சாம்பல் ஊதாவை நிரப்புங்கள். வள்ளத்தின் நீலம் 40, 110, 180 என்றால், நிழலில் அது 27, 69, 141 ஆகும். அதே நீலம்தான், ஆனால் ஆழமாக. இதே ஊதாவை மஞ்சள் பட்டைமேலும் மணல்மேலும் போடலாம். அது அந்தந்த நிறத்தோடு பெருகி அதற்குரிய நிழலாகும். ஒரே வெயிலில் நிற்கிற பொருள்களுக்கு ஒரே நிழல் நிறம் போட்டால் படம் தானாக ஒன்றுசேரும்.

மணலுக்கு மிக அருகில், வள்ளத்தின் அடிவயிற்றில், நிழலை ஒரு கீற்று அழித்துவிட்டு அங்கே கொஞ்சம் பழுப்பு வையுங்கள். வெயில் மணலில் பட்டுத் திரும்பி வள்ளத்தின் அடியில் ஏறும். கரையில் போய் நின்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்த ஒரு கீற்று இல்லாவிட்டால் வள்ளம் மணலில் ஒட்டவைத்த தாள் மாதிரி தெரியும்.

என் ஆரம்ப காலத்தில் ஒரு பதிப்பாளருக்குத் தேர்த் திருவிழாப் படம் ஒன்று கலர் அடித்தேன். ஸ்கேன் மேலேயே எல்லாக் கலரையும் ஊற்றி, ஜே.பெக். ஆகச் சேமித்து அனுப்பிவிட்டேன். முன்வரிசைப் பெண்ணின் சேலையைச் சிவப்பிலிருந்து பச்சையாக்கச் சொன்னார்கள். கோடும் சிவப்பும் ஒட்டிக் கிடந்தன, ஜே.பெக். ஒவ்வொரு விளிம்பிலும் அழுக்குப் புள்ளிகளைச் சேர்த்திருந்தது. இரண்டு இரவு உட்கார்ந்து அந்த ஒரு சேலையைப் புள்ளி புள்ளியாக மாற்றினேன். இப்போது இருக்கிற அடுக்கில் அது பத்து நொடி வேலை. வேலைக் கோப்பை ஜிம்பின் எக்ஸ்.சி.எஃப். வடிவிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அனுப்புவதற்கு மட்டும் பி.என்.ஜி. அல்லது டிஃப் ஆக ஏற்றுமதி செய்யுங்கள்.

அச்சகத்துக்குப் போகும்போது இரண்டு விஷயம். திரையில் தெரிகிற மின்னும் நீலமும் பச்சையும் நான்கு மை அச்சில் வராது; மங்கித்தான் விழும். கலரைத் திரையின் பிரகாசத்தை நம்பித் தேர்ந்தெடுக்க வேண்டாம்; முடிந்தால் ஒரு பக்கம் மாதிரி அச்சு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டாவது, நான்கு மைகளும் தனித்தனியாகத் தாளில் ஏறுகின்றன. ஒன்று மயிரிழை விலகினாலும் கோட்டுக்கும் கலருக்கும் நடுவில் வெள்ளைக் கீற்று தெரியும். உங்கள் கலர் ஏற்கெனவே கோட்டின் அடியில் 2 புள்ளி நுழைந்திருப்பதால் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. அச்சகத்தில் கோட்டைத் தனிக் கறுப்பு மையில் மட்டும் போடச் சொல்லுங்கள், "கோடு" லேயரைத் தனிக் கோப்பாகவும் கொடுங்கள். கறுப்பு நான்கு மையும் கலந்து அச்சானால் மெல்லிய கோடுகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப்பார்க்கும்.

வேறு மென்பொருளுக்கு மாற வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கிரிட்டாவும் ஜிம்ப் போலவே காசில்லாதது, வரைவதற்கென்றே செய்தது. அதில் "கலரைஸ் மாஸ்க்" என்று ஒன்று உண்டு: ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கீறல் கலர் இழுத்துவிட்டால் போதும், அதுவே கோடு வரை நிரப்பிக்கொள்ளும். ஆனால் 4 ஜி.பி. ரேமில் அட்டை அளவுப் படத்துக்கு அது கனக்கும். போட்டோஷாப்பில் இருக்கிறவர்களுக்கும் நான் மேலே சொன்ன எல்லாமே பொருந்தும். பெயர்கள் மட்டும் கொஞ்சம் மாறும். டேப்லட்டை இந்தப் படம் முடியும்வரை வாங்காதீர்கள். லாஸோவும் பக்கெட்டும் கைக்குப் பழகிய பிறகு, எந்த இடத்தில் மவுஸ் உங்களைத் தடுக்கிறது என்று உங்களுக்கே தெரியும். முகத்தின் நிழலிலா, தலைமுடியிலா என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.

ஸ்கேன் கையில் கிடைத்ததும், வேறெதையும் தொடும் முன்பு, அந்தக் கயிறு அணியத்தில் சேருகிற இடத்தை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அதேபோல இன்னும் இரண்டு இடம் எனக்குச் சந்தேகம்: வலப்பக்கம் நிற்கிறவரின் தோளும் துடுப்பும் தொடுகிற மூலை, மீன்கூடையின் காது. அந்த மூன்றையும் வரப்பு லேயரில் அடைத்துவிட்டு நீலத்தை ஊற்றுங்கள்.